அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சினை, வீட்ல நாங்க சிபிஆர் கத்துக்கணுமா? அம்மாவால முடியுமா?

உங்க கேள்வியில நாலு கேள்வி ஒளிஞ்சிருக்கு. அப்பாவுக்கு 61 வயசு, மூணு வாரம் முன்னாடி ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சாச்சு, இதயத்தோட பம்பிங் 35 சதவீதம்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கிளம்பும்போது டாக்டர் "வீட்ல யாராவது சிபிஆர் கத்துக்கோங்க"ன்னு ஒரே ஒரு வரி சொன்னாரு, அதுக்கு மேல யாரும் எதுவும் சொல்லல. இப்போ யூடியூப் பாத்தா போதுமா, முட்டி வலியோட 50 கிலோ கூட இல்லாத அம்மாவால அழுத்த முடியுமா, தப்பா பண்ணி நாமளே ஏதாவது ஆக்கிட்டா என்ன பண்றது, கடைசியா, அப்பாவே "நான் சாகறதுக்கு இப்பவே ஒத்திகை பாக்கறீங்களா"ன்னு கோவிச்சுக்கிட்டு இருக்காரு, அவரை என்ன பண்றது. சரிதானே?

நான் ரொம்ப வருஷம் கார்டியாக் ஐசியுல நர்ஸா இருந்தேன், இப்போ டிஸ்சார்ஜ் ஆகற பேஷன்ட்டோட குடும்பத்துக்கு சிபிஆர் சொல்லிக் குடுக்கறதுதான் முக்கால்வாசி வேலை. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். சிபிஆர்னா (இதயம் நின்னவருக்கு உடனே குடுக்கற முதலுதவி) நெஞ்ச அழுத்தறதுன்னு மட்டும் எல்லாரும் நினைக்கறாங்க. வீடுகள்ல தப்பு நடக்கறது பெரும்பாலும் அழுத்தறதுல இல்ல, அதுக்கு முன்னாடி உள்ள ஒரு நிமிஷத்துல. "இது அதுதானா, இல்ல மயக்கமா, தூங்கறாரா, கொஞ்சம் பொறுத்துப் பாப்போமா"ன்னு நிக்கற அந்த ஒரு நிமிஷம் சில சமயம் அஞ்சு நிமிஷம் ஆயிடும், அதுலதான் ஆள் போறாரு. நான் பேசின குடும்பங்கள்ல "எப்படி அழுத்தறதுன்னு தெரியல"ன்னு சொன்னவங்க கம்மி. "மூச்சு இழுத்துட்டு இருந்துச்சு, அதனால உயிர் இருக்குன்னு நினைச்சு கைய பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்"ன்னு சொன்னவங்கதான் ஜாஸ்தி.

இந்த "இழுத்துட்டு இருந்துச்சு"ங்கறத பத்தித்தான் நான் கிளாஸ்ல பாதி நேரம் பேசறேன். இதயம் நின்ன உடனே மூச்சு ஸ்விட்ச் போட்ட மாதிரி நிக்காது. மூளையோட அடித்தண்டுல மிச்சம் இருக்கற ஆக்சிஜன்ல ஒரு மாதிரி கொர்ர்ர்ன்னு, குறட்டை மாதிரி, இல்லன்னா மீன தண்ணியில இருந்து எடுத்துப் போட்டா வாய் திறந்து திறந்து மூடுமே அந்த மாதிரி, ரெண்டு மூணு நிமிஷம் வரும். இதயம் நின்னவங்கள்ல கிட்டத்தட்ட 10 பேர்ல 4 பேருக்கு ஆரம்பத்துல இது இருக்கும். அது மூச்சு இல்ல. ஒரு அம்மா சொன்னது எனக்கு இன்னும் மறக்கல, ராத்திரி பக்கத்துல படுத்திருந்தவர் பெரிய சத்தமா குறட்டை விட்டாரு, நாலஞ்சு நாளா சரியா தூங்காத மனுஷன் இன்னிக்காவது நல்லா தூங்கறாருன்னு போர்வைய இழுத்து விட்டேன்னாங்க. அவங்க மேல என்ன தப்பு இருக்கு, யாரும் அவங்களுக்கு இதச் சொல்லலயே. அதுதான் என் கோவம்.

இன்னொன்னு, சில பேருக்கு இதயம் நின்ன முதல் சில நொடி கை கால் வெட்டி இழுக்கும், பாக்கறதுக்கு அப்படியே வலிப்பு மாதிரி இருக்கும். ஹார்ட் பிரச்சினை இருக்கற ஆளுக்கு திடீர்னு "வலிப்பு" வந்து, வெட்டு நின்ன அப்புறம் நெஞ்சு ஒழுங்கா ஏறி இறங்கலன்னா அது வலிப்பு இல்லன்னு எடுத்துக்கோங்க.

அதனால அம்மாவுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியது இவ்வளவுதான்: தோள ரெண்டு பக்கமும் நல்லா தட்டி பேர் சொல்லி கத்தறோம், பதில் இல்ல, அசைவு இல்ல. நெஞ்சையும் வயித்தையும் பாக்கறோம், 10 செகண்டுக்கு மேல வேண்டாம், சாதாரணமா மூச்சு விடல, அல்லது "இது மூச்சா இல்லயா"ன்னு சந்தேகமா இருக்கு. அவ்வளவுதான், ஆரம்பிச்சிடணும். சந்தேகம்னாலே ஆரம்பி. நாடி எல்லாம் பிடிச்சுப் பாக்க வேண்டாம், பதட்டத்துல உங்க விரல்ல அடிக்கற உங்க நாடியே அவரோடதுன்னு தோணும். பொதுமக்களுக்கு சொல்லிக் குடுக்கறப்போ நாடி பாக்கற ஸ்டெப்ப 2000ம் வருஷ வழிகாட்டுதல்லயே எடுத்துட்டாங்க, இன்னும் சில பழைய வீடியோவுல அது ஓடிக்கிட்டு இருக்கு.

இங்க ஒரு குழப்பத்த தீத்துக்கலாம், ஏன்னா அப்பாவுக்கு மறுபடி நெஞ்சு வலி வந்தா நீங்க பதறிப் போய் சிபிஆர் ஆரம்பிச்சிடக் கூடாது. ஹார்ட் அட்டாக் வேற, கார்டியாக் அரெஸ்ட் வேற. அட்டாக்னா ரத்தக்குழாய்ல அடைப்பு, தண்ணி பைப்புல அடைப்பு மாதிரி, ஆள் முழிச்சிருப்பாரு, வேர்க்கும், வலிக்குதும்பாரு, பேசுவாரு. அவருக்கு சிபிஆர் கிடையாது, ஆம்புலன்ஸ்தான், டாக்டர் ஏற்கனவே நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை எழுதி குடுத்து எப்ப எடுக்கணும்னு சொல்லியிருந்தா அது. அரெஸ்ட்னா இதயத்த ஓட வைக்கற கரென்ட்ல கோளாறு, இதயம் ஒழுங்கா சுருங்கி விரியாம சும்மா நடுங்கிக்கிட்டு இருக்கும், ரத்தம் ஒரு சொட்டு கூட மூளைக்குப் போகாது, சில செகண்டுல ஆள் நினைவில்லாம விழுந்திடுவாரு. அட்டாக் அரெஸ்ட்ல கொண்டு போய் விடலாம், புதுசா அட்டாக் இல்லாம இதயத்துல இருக்கற பழைய தழும்புல இருந்து கூட அரெஸ்ட் வரலாம். பம்பிங் 35ன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் டாக்டர் அந்த ஒரு வரிய சொன்னாரு. பெரிய அட்டாக் வந்து பம்பிங் குறைஞ்சவங்களுக்கு இந்த ரிஸ்க் முதல் மாசம்தான் ரொம்ப அதிகம், அப்புறம் படிப்படியா குறையும். ஆனா நெஞ்சுக்குள்ள வைக்கற ஐசிடி (இதயம் தாறுமாறா துடிச்சா தானே ஷாக் குடுக்கற சின்ன மெஷின்) வேணுமான்னு பொதுவா அட்டாக் ஆகி 40 நாளாவது பொறுத்து, ஸ்டென்ட் வச்சிருந்தா 3 மாசம் கூட பொறுத்து, மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க, ஏன்னா பல பேருக்கு மருந்துலயே பம்பிங் தேறிடும். அந்த இடைப்பட்ட காலத்துல அவருக்குப் பாதுகாப்பு பக்கத்துல இருக்கறவங்க கைதான். அதனால "அப்புறம் கத்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே.

வாட்ஸ்அப்புல சுத்துதே, தனியா இருக்கும்போது அட்டாக் வந்தா பலமா இருமிக்கிட்டே இருங்க பொழச்சிடலாம்னு, அத அப்பாவுக்கு யாராவது அனுப்பியிருந்தா அழிச்சிடுங்க. ஆஸ்பத்திரியில மானிட்டர் மாட்டி டாக்டர் பக்கத்துல நின்னு சில நொடிக்கு செய்யச் சொல்ற ஒரு விஷயத்த யாரோ வீட்டு வைத்தியமா ஆக்கி விட்டுட்டாங்க. இருமறதுக்கு நினைவு இருக்குன்னா அந்த நேரத்துல ஃபோன் பண்ணணும், கதவ திறந்து வைக்கணும்.

நேரக் கணக்கு என்னன்னா, அரெஸ்ட் ஆன ஆளுக்கு ஒண்ணுமே பண்ணாம விட்டா ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு 7ல இருந்து 10 சதவீதம் குறையும், யாராவது அழுத்திக்கிட்டே இருந்தா அந்த சரிவு 3, 4 சதவீதமா மெதுவாகும். உங்க ஊர்ல ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்துல வருதோ அத இந்தக் கணக்குல வச்சுப் பாருங்க. அழுத்தறதால இதயம் தானா ஓட ஆரம்பிச்சிடும்னு இல்ல, ஷாக் குடுக்கற மெஷின் வர்ற வரைக்கும் மூளைக்கு கொஞ்சம் ரத்தம் போய்ட்டு இருக்கும், அந்த வேலைதான் உங்களோடது. இந்த மாதிரி அரெஸ்ட்ல பத்துக்கு ஏழு வீட்லதான் நடக்குது, ரோட்டுலயோ ஆபீஸ்லயோ இல்ல. அதாவது உங்க அப்பாவுக்கு சிபிஆர் பண்ணப் போற ஆள் யாரோ வழிப்போக்கர் இல்ல, பெரும்பாலும் அம்மாதான். ஆனா நான் எடுத்த கிளாஸ்கள்ல வந்து உக்காந்தது பெரும்பாலும் இருபது முப்பது வயசுப் பசங்க. வீட்ல பகல் பூரா பேஷன்ட்டோட இருக்கற ஆள் வரவே மாட்டாங்க, "நான் எங்க, எனக்கு இதெல்லாம் வராது, பையன் வருவான்"பாங்க. பையன் ஆபீஸ்ல இருப்பான்.

சரி, அம்மாவால முடியுமா. முடியும். அந்தக் கதைய சொன்னா அவங்களுக்கே தைரியம் வரும். நெஞ்ச வெளியில இருந்து அழுத்தினா ரத்தம் ஓடும்னு 1960ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல மூணு பேர் எழுதினாங்க, கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர்னு. அதுல மூத்தவரான கோவன்ஹோவன் டாக்டரே கிடையாது, எலெக்ட்ரிகல் இன்ஜினியர். நாய்க்கு ஷாக் குடுக்கற ஆராய்ச்சியில இருந்தப்போ, அந்த கனமான ஷாக் தகட்ட நெஞ்சுல வச்சு அழுத்தினதுக்கே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறறத நிக்கர்பாக்கர் கவனிச்சிட்டாரு, அங்க இருந்து வந்ததுதான் இது. அதுக்கு முன்னாடி இதயம் நின்னா நெஞ்ச கிழிச்சு கைய உள்ள விட்டுத்தான் அமுக்குவாங்க. இனிமே ரெண்டு கை இருந்தா போதும், யாரும் எங்கயும் ஆரம்பிக்கலாம்னுதான் அவங்க எழுதினதோட சாரம்.

அழுத்தற முறை: ஆள தரையில மல்லாக்க படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல இருக்கற எலும்போட கீழ்ப்பாதியில ஒரு உள்ளங்கையோட அடிப்பாகம், அது மேல இன்னொரு கை, விரல் கோத்துக்கலாம். முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேரா கைக்கு மேல வரணும். 5 செமீ குறையாம, 6 செமீ தாண்டாம, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல எழும்ப விடணும், கைய எடுக்காம எடைய மட்டும் எடுக்கணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க, களைச்சுப் போய் நெஞ்சு மேலயே சாஞ்சுக்கிட்டு பண்ணுவாங்க, அப்போ இதயத்துக்குள்ள ரத்தம் திரும்பி நிரம்ப இடமே இருக்காது. 5 செமீங்கறது நீங்க நினைக்கறத விட ரொம்ப ஆழம். பொம்மையில முதல் தடவை அழுத்தறவங்க எல்லாருமே "இவ்வளவா?"ன்னு நிமிந்து பாப்பாங்க.

சின்ன உடம்புக்காரங்க கை பலத்துல தள்ளினா அரை நிமிஷத்துல சோர்ந்திடுவாங்க. இடுப்புல இருந்து முன்னாடி சாய்ஞ்சு உடம்பு எடைய இறக்கணும், அம்மிக்கல்லுல குனிஞ்சு அரைக்கற மாதிரின்னு நான் சொல்லிக் குடுப்பேன், கை வெறும் கம்பி. முட்டிக்கு கீழ ஒரு தலையணைய மடிச்சுப் போட்டுக்கலாம், ரெண்டு முட்டியையும் அவர் விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டா நிறைய சாய வேண்டியிருக்காது. 2 நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறணும், ஏன்னா நமக்கு களைப்பு தெரியறதுக்கு முன்னாடியே ஆழம் குறைஞ்சிடும். அம்மாவால நிஜமாவே மண்டி போட முடியலன்னா கூட, ஃபோன், கதவு, சத்தமா எண்ணறது இது மூணும் அவங்க வேலை, அழுத்தறது உங்க வேலைன்னு இப்பவே பிரிச்சு வச்சுக்கோங்க. ஆனா அவங்க தனியா இருக்கற நேரத்துல மண்டி போட முடியாதுன்னு எதுவும் பண்ணாம இருக்கக் கூடாது, கட்டில்லயே தலையணைய உருவிட்டு அழுத்த ஆரம்பிக்கலாம், மெத்தை அமுங்கும் அதனால இன்னும் பலமா அழுத்தணும். தரைக்கு இறக்க முடிஞ்சா அதுதான் நல்லது, கீழ விரிச்சிருக்கற பெட்ஷீட்டோட சேத்து இழுத்து, தலைய ஒரு கையால தாங்கி இறக்கலாம், கால் கீழ விழுந்தா விழட்டும், தலைய மட்டும் பாத்துக்கோங்க.

எண்ணறதுல ஒரு சின்ன விஷயம், இது எந்த புஸ்தகத்துலயும் பாத்ததில்ல, கிளாஸ் எடுத்து எடுத்து கண்டுபிடிச்சது. தமிழ்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு பத்து வரைக்கும் எண்ணினா வேகம் சரியா இருக்கும், பதினொண்ணு பன்னெண்டு தாண்டி இருபத்தி மூணு இருபத்தி நாலுன்னு போகும்போது வார்த்தை நீளமாயிடுது, வாயோட சேந்து கையும் மெதுவாயிடுது. அதனால ஒண்ணுல இருந்து பத்து, திரும்ப ஒண்ணுல இருந்து பத்துன்னு எண்ணுங்க. இல்லன்னா ஃபோன்ல மெட்ரோனோம் (தாளம் தட்டற) ஆப் ஒண்ண நிமிஷத்துக்கு 110ல வச்சு ஒரு வாரம் கேட்டுக்கிட்டே இருங்க, காதுல ஏறிடும்.

வாயோட வாய் வச்சு ஊதணுமான்னு கேப்பீங்க. பெரியவங்களுக்கு திடீர்னு இதயம் நின்னா முதல் சில நிமிஷம் ரத்தத்துல ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அத ஓட விட்டாலே போதும், அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2008ல இருந்தே பயிற்சி இல்லாதவங்க கைய மட்டும் வச்சு பண்ணுங்கன்னு சொல்லுது. பயிற்சி எடுத்தவங்க 30 அழுத்து, 2 ஊதுன்னு பண்ணலாம், நடுவுல 10 செகண்டுக்கு மேல நிறுத்தாம. பிறவியிலயே இதயக் குறை உள்ள குழந்தைங்க இருக்கற வீட்டுக்காரங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கு மட்டும் தனியா சொல்றேன், குழந்தைகளுக்கு மூச்சு ஊதறது ரொம்ப முக்கியம், அழுத்தற முறையும் வேற, நான் மேல எழுதினத வச்சு பண்ணாதீங்க, குழந்தைங்க சிபிஆர் தனியா கத்துக்கோங்க.

ஃபோன் முதல்லயா அழுத்தறது முதல்லயா? இந்தக் காலத்துல அது கேள்வியே இல்ல. ஆம்புலன்ஸ் நம்பர போட்டு ஸ்பீக்கர்ல தரையில வச்சிட்டு அழுத்த ஆரம்பிங்க. நிறைய இடங்கள்ல மறுமுனையில இருக்கறவங்களே எப்படி அழுத்தறதுன்னு சொல்லி கூடவே எண்ணுவாங்க. அதுக்கு முதல் வாக்கியம் சரியா இருக்கணும், "எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னா அவங்க என்ன ஏதுன்னு விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க, "ஹார்ட் பேஷன்ட், நினைவில்ல, மூச்சு இல்ல, விலாசம் இது"ன்னா உடனே புரியும். அம்மாவ இந்த வாக்கியத்த வாய்விட்டு பத்து தடவை சொல்லச் சொல்லுங்க. முகத்துல தண்ணி அடிக்கறது, வாயில தண்ணி ஊத்தறது, மாத்திரைய நாக்குக்கு அடியில திணிக்கறது எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில எதுவும் போடக் கூடாது.

அடுத்து உங்க பயம், தப்பா பண்ணிட்டா. மூணு விதமான பயம் இருக்கு. இதயம் நிக்கவே இல்லாம நாம அழுத்திட்டா? அழுத்தினா முனகுவாரு, கைய தட்டி விடுவாரு, அப்போ நிறுத்திக்கலாம், அவ்வளவுதான், அந்த மாதிரி நேரத்துல பெரிய காயம் ஆகறது ரொம்ப அபூர்வம். விலா எலும்பு உடைஞ்சா? உடையும், நிறைய பேருக்கு உடையும், வயசானவங்களுக்கு முதல் சில அழுத்துலயே டக்குனு ஒரு சத்தம் கேக்கும், கைக்கும் தெரியும். அந்த இடத்துலதான் பாதி பேர் பயந்து நிறுத்திடறாங்க, அதனால இத முன்னாடியே சொல்லி வச்சிடறேன், சத்தம் கேட்டா கை சரியான இடத்துல இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு தொடருங்க. எலும்பு சேந்துக்கும். அவருக்கு பைபாஸ் ஆகியிருந்தா நெஞ்சு எலும்ப கம்பி போட்டு கட்டியிருப்பாங்களேன்னு கேக்கறவங்களுக்கும் இதே பதில்தான், நினைவில்ல, மூச்சு இல்லன்னா அழுத்தணும். மூணாவது, நாளைக்கு அவருக்கு ஐசிடியோ பேஸ்மேக்கரோ வச்சா? வச்சிருந்தாலும் அழுத்தணும். ஐசிடி ஷாக் அடிக்கும்போது உங்க கை பட்டா ஒரு சுரீர்னு தெரியலாம், உங்களுக்கு ஆபத்து இல்ல. எல்விஏடின்னு இதயத்துக்கு பம்ப் மெஷின் பொருத்தினவங்களுக்கு மட்டும் கதை வேற, அவங்களுக்கு நல்லா இருக்கும்போதே நாடி தெரியாம இருக்கலாம், அந்த மெஷின் டீம்தான் குடும்பத்துக்கு தனியா சொல்லிக் குடுக்கணும்.

இப்போ யூடியூப். வீடியோ பாக்கறது மட்டும் போதாது, ஆனா வீடியோ கெட்டதும் இல்ல. ஒரு சின்ன காத்தடைச்ச பொம்மையும் அரை மணி நேர வீடியோவும் வச்சு வீட்லயே பாத்துக்கிட்டே அழுத்திப் பழகினவங்க, மூணு நாலு மணி நேர கிளாஸ் போனவங்களுக்கு குறைவில்லாம பண்றாங்கன்னு ஆய்வுகள் இருக்கு. அப்போ வித்தியாசம் வீடியோவா கிளாஸாங்கறது இல்ல, கையில அந்த எதிர்ப்பு தெரிஞ்சுதா இல்லயாங்கறதுதான். சோபா குஷன்ல தாளம் பழகலாம், ஆழம் பழக முடியாது. உயிரோட இருக்கற ஆள் மேல பழகவே பழகாதீங்க, விளையாட்டுக்கு கூட.

கிளாஸ் தேடும்போது நான் கேக்கச் சொல்ற கேள்வி ரெண்டு. ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? ரெண்டு பேர்னா நல்லது, பதினஞ்சு பேர்னா நீங்க நின்னு வேடிக்கை பாத்துட்டு ஒரு சர்டிபிகேட்டோட வருவீங்க. ரெண்டாவது, 2 நிமிஷம் நிறுத்தாம அழுத்த விடுவாங்களா? பத்து அழுத்து அழுத்திட்டு அடுத்த ஆளுக்கு விடற கிளாஸ்ல உங்க உடம்புக்கு களைப்புன்னா என்னன்னு தெரியாது. சரியான ஆழம் வந்தா க்ளிக்னு சத்தம் போடற பொம்மையோ, லைட் எரியற பொம்மையோ இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் நான் என் கிளாஸ்ல கட்டாயம் பண்ற ஒண்ணு, பொம்மைய நடு ஹால்ல போட்டு வைக்க மாட்டேன். நாற்காலியில உக்கார வச்சிருப்பேன், இல்லன்னா கட்டில்ல போர்வை போத்தி வச்சிருப்பேன், குறட்டை சத்தம் ரெக்கார்டிங் போட்டு விட்டு "வீட்டுக்குள்ள வர்றீங்க, உங்க அப்பா இப்படி இருக்காரு, என்ன பண்ணுவீங்க"ன்னு விட்டுடுவேன். அங்க தெரியும் பாருங்க, அழுத்தறதுல நூத்துக்கு நூறு வாங்கின பையன் கூட நின்னு முழிப்பான்.

சிபிஆர் பொம்மைக்கே ஒரு அப்பா கதை இருக்கு, சும்மா சொல்லி வைக்கறேன். 1960ல முதல் பொம்மைய செஞ்சது நார்வேயில பிளாஸ்டிக் விளையாட்டு பொம்மை செஞ்சுக்கிட்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால். தன் சின்னப் பையன் தண்ணியில மூழ்கினப்போ தானே தூக்கி, நெஞ்சுல இருந்த தண்ணிய வெளியேத்தி காப்பாத்தினவர்.

ஒரு தடவை கத்துக்கிட்டா ஆயுசுக்கும் போதும்னு நினைக்காதீங்க, மூணுல இருந்து ஆறு மாசத்துலயே கை மறக்க ஆரம்பிச்சிடும். வருஷத்துக்கு ஒரு முழு நாள் கிளாஸ விட மூணு மாசத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் பொம்மையில அழுத்தறது மேல். நிறைய பேர் கத்துக்கிட்டா என்ன ஆகும்னு டென்மார்க்ல பாத்திருக்காங்க, பள்ளிக்கூடத்துலயும் டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போதும் சிபிஆர கட்டாயமாக்கினாங்க, இன்னும் பல விஷயமும் சேத்து செஞ்சாங்க, 2001ல அரெஸ்ட் ஆனவங்கள்ல 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்துல இருந்தவங்க சிபிஆர் குடுத்தாங்க, 2010ல அது 45 சதவீதம் கிட்ட வந்துச்சு, 30 நாள் தாண்டி உயிரோட இருந்தவங்க 3.5ல இருந்து 10.8 சதவீதம் ஆனாங்க.

10.8தானான்னு தோணுதா? ஆமா. இத மறைச்சு சொல்லிக் குடுக்கறது எனக்குப் பிடிக்காது. 1996ல அமெரிக்க டிவி தொடர்கள்ல சிபிஆர் காட்சிய மட்டும் எண்ணிப் பாத்தாங்க, நாலுல மூணு பேர் அங்கயே பிழைச்சு எழுந்திருச்சாங்களாம். நிஜத்துல பல நாடுகள்ல ஆஸ்பத்திரிக்கு வெளிய இதயம் நின்னவங்கள்ல 10 பேர்ல ஒருத்தர் நல்லபடியா வீட்டுக்கு வந்தா பெரிய விஷயம். உடனே யாராவது அழுத்தினா அந்த வாய்ப்பு ரெண்டு மடங்கு, சில சமயம் மூணு மடங்கு ஆகும். இத அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா எல்லாம் சரியா பண்ணியும் ஆள் போயிட்டா "நான் இன்னும் நல்லா அழுத்தியிருந்தா"ன்னு ஒருத்தர் வாழ்க்கை பூரா உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருப்பாங்க. அந்த மாதிரி ரெண்டு மூணு பேர எனக்குத் தெரியும்.

ஷாக் மெஷின், ஏஇடின்னு சொல்றாங்களே, அத வீட்டுக்கே வாங்கி வச்சுக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கூகுள் பண்ணுவீங்க, அதனால சொல்றேன். உங்க அப்பா மாதிரி பெரிய அட்டாக் வந்து ஐசிடி வைக்க வேண்டாம்னு இருந்த சுமார் 7,000 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2008ல முடிவு வந்துச்சு, பாதி வீட்டுக்கு ஏஇடி குடுத்தாங்க, மீதிப் பாதிக்கு ஆம்புலன்ஸ கூப்பிடு சிபிஆர் பண்ணுன்னு பயிற்சி மட்டும். இறப்புல வித்தியாசம் தெரியல. மெஷின் வேலை செய்யாம இல்ல, வீட்ல அரெஸ்ட் ஆகும்போது பாதி நேரம் பக்கத்துல பாக்க ஆள் இருக்கறதில்ல. என் கருத்து, முதல்ல கைக்குப் பயிற்சி, அப்புறம் உங்க வீட்டுப் பக்கத்துல ஏஇடி எங்க இருக்குன்னு தேடி வைங்க. கிடைச்சா பயப்பட வேண்டாம், ஆன் பண்ணினா அதுவே பேசும், ஒரு பேட் வலது காறை எலும்புக்கு கீழ, இன்னொண்ணு இடது அக்குளுக்கு கீழ பக்கவாட்டுல, நெஞ்சுல மருந்து பேட்ச் ஒட்டியிருந்தா பிச்சிடணும், உள்ள ஐசிடி இருந்தா அது புடைச்சிருக்கற இடத்து மேலயே ஒட்டாம கொஞ்சம் தள்ளி ஒட்டணும். தேவையில்லாத ஆளுக்கு அது ஷாக் அடிக்காது.

கடைசியா அப்பா. அவர் கோவத்த லேசா எடுத்துக்காதீங்க. 1980கள்லயே கேத்லீன் டிராகப்னு ஒரு நர்சிங் ஆய்வாளர் இதையே எடுத்துப் பாத்தாங்க, குடும்பத்துக்கு சிபிஆர் சொல்லிக் குடுத்தா பேஷன்ட் மனசுக்கு என்ன ஆகுதுன்னு. சிபிஆர மட்டும் சொல்லிக் குடுத்து அனுப்பினப்போ பேஷன்ட்டுக்கு கவலை கூடிச்சு, பின்னாடி பண்ணின ஆய்வுல, கூடவே எல்லாரையும் உக்கார வச்சு மனசு விட்டுப் பேசற மாதிரி சேத்துக் குடுத்தப்போ அப்படி ஆகல. நீங்க அறைக் கதவ சாத்திக்கிட்டு ரகசியமா வீடியோ பாத்தா அவருக்கு ஒத்திகையாத்தான் தெரியும். அவரையும் சேத்துக்கோங்க. கிளாஸுக்கு கூட்டிட்டுப் போய் ஓரமா உக்கார வைங்க, எண்ணற வேலைய அவருக்குக் குடுங்க, முடிஞ்சா அம்மாவுக்கு ஏதாவது ஆனா என்ன பண்ணணும்னு அவருக்கும் சொல்லிக் குடுங்க, இதயம் நிக்கறது ஸ்டென்ட் வச்சவருக்கு மட்டும் வர்றது இல்லயே (ஆனா இந்த மாசமே அவர அழுத்தச் சொல்லாதீங்க, டாக்டர கேட்டுட்டு). "எங்களுக்குப் பயமா இருக்குப்பா, கத்துக்கிட்டா எங்களுக்கு தூக்கம் வரும்"னு சொல்லிப் பாருங்க, "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா"ன்னு ஆரம்பிக்காம. அதோட, எந்த அளவுக்கு தனக்கு சிகிச்சை வேணும்னு அவருக்கே ஒரு எண்ணம் இருக்கலாம், அதயும் டாக்டர் முன்னாடி ஒரு நாள் பேசிடுங்க. உங்க அப்பா வயசுக்கும் நிலைமைக்கும் பெரும்பாலும் பிழைக்க வைக்கத்தான் எல்லாரும் முயற்சி பண்ணுவாங்க, ஆனா அவர் வாயால கேட்டா அழுத்தறவங்க கை நடுங்காது.

கிளாஸ் கிடைக்கறதுக்கு முன்னாடியே இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. அப்பா படுக்கற கட்டில் பக்கத்துல அவர் நீளத்துக்கு ஒருத்தர் படுக்கவும், பக்கத்துல அம்மா மண்டி போடவும் தரையில இடம் இருக்கான்னு பாருங்க. பெட்டி, டேபிள் ஃபேன்னு ஏதாவது அடைச்சுக்கிட்டு இருந்தா எடுத்து வேற பக்கம் வைங்க, அப்புறம் அம்மாவ ஒரு தடவை அங்க மண்டி போட்டு உக்காந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்க.